ஆணியில் ஏறாத கூட்டுப்பெட்டிகள்

ஹெட்லி நான்கிவெல் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் யாராவது "அடப்பாவி" என்று ஆரம்பித்தால் கதையை அங்கேயே நிறுத்திவிடுவேன். அவன் செய்ததை நான் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனாலும் அவன் கெட்டவன் இல்லை.

அவன் என் தங்கை வெர்னாவின் புருஷன், நான் அவள் அக்கா டல்சி. அடிலெய்டுக்கு அப்பால் எங்கள் ஊர் கடீனாவின் கோதுமைக் களஞ்சியத்தில் தலைமுடி நரைக்கும்வரை வேலை பார்த்தான். வெர்னா இறந்த பிறகு அவன் முன்வீட்டில் இருந்தான், நான் கொல்லைப்பக்கத்து ஒற்றை அறையில் இருந்தேன். நடுவில் துணிக்கொடியும் அவனுடைய பறவைக் கொட்டகையும். ஊரில் ஏதேதோ பேசினார்கள். அவன் குறட்டை என் அறைவரைக்கும் கேட்கும். அதற்கு மேல் கிட்டே போக யாருக்கு ஆசை வரும்?

கொட்டகையில் அவன் வைத்திருந்தது கூல்டியன் சிட்டுகள். பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, ஊதா மார்பு, கறுப்பாகவோ சிவப்பாகவோ ஒரு முகம். குழந்தைக்கு வண்ணப்பெட்டியைக் கொடுத்து எல்லாவற்றையும் பூசு என்று விட்டால் எப்படி இருக்கும், அப்படி. கொட்டகைக்குள் போகும்போது வெர்னா பின்னிய பழைய பச்சை ஸ்வெட்டரைத்தான் போடுவான். வேறு நிறம் போட்டால் பறவைகள் மிரளுமாம். முழங்கை இரண்டும் நான் தைத்த ஒட்டுகள்.

அந்தச் சிட்டுகளின் சொந்த ஊர் எங்களுக்கு எத்தனையோ தொலைவு வடக்கே, வெயில் குறையாத இடம். அங்கே மழை முடிந்து புல் பால்பிடிக்கிற நேரத்தில் முட்டையிடும். அந்தக் கணக்கை உடம்பில் வைத்துக்கொண்டுதான் இங்கேயும் பிறக்கின்றன. அங்கே அது இதமான காலம், இங்கே அது குளிருக்கு முந்தின வாசல். கொட்டகையில் மரக் கூட்டுப்பெட்டி மாட்டினால்தான் முட்டையிடும். பிப்ரவரி, மார்ச்சில் மாட்டினால் குஞ்சுகள் பனிக்கு முன் பறந்துவிடும். பிந்தினால் தொலைந்தது. ஏனென்றால் குஞ்சு கண் திறந்து கொஞ்சம் வளர்ந்ததும், இறகே முளைக்காமல் இருந்தாலும், தாய் தகப்பன் இரண்டும் ராத்திரி அதைத் தனியே விட்டுவிட்டு வெளியே கொம்பில் தூங்கப் போய்விடும். வடக்கே அதனால் ஒன்றும் ஆகாது. எங்கள் ஊரில் ஜூன் நடுக்குளிர்காலம், விடிவதற்குள் குஞ்சு விறைத்துப் போகும்.

அதனால் எங்கள் ஊர்ப் பறவைச் சங்கத்தில் ஒரு பழக்கம். ஹெட்லி "மாட்டலாம்" என்று சொல்லாமல் யாரும் பெட்டி மாட்டுவதில்லை. அவன் பெட்டையின் மூக்கைப் பார்ப்பான். வெளுத்த மூக்கு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வரவேண்டும். பழைய இறகு உதிர்ந்து தலை வழவழப்பாகியிருக்க வேண்டும். பிறகு ரயில் பாதை ஓரத்துப் புல்லைக் கிள்ளி நகத்தால் நசுக்கிப் பால் வருகிறதா என்று பார்ப்பான். எல்லாம் சரியாக இருந்தால் வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொல்வான். மறுநாள் ஊர் முழுக்க ஆணி அடிக்கிற சத்தம் கேட்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு, இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம். பெட்டி மாட்டிவிட்டால் எல்லோரும் கொட்டகையைச் சுற்றிச் சாக்குத்துணி கட்டிவிடுவார்கள். வசந்தம் வரும்வரைக்கும் ஒருவர் கொட்டகைக்குள் இன்னொருவர் தலை நீட்டக் கூடாது. அடைகாக்கிற பறவை மிரண்டு எழுந்துவிடும். நான் அதே வீட்டில் இருந்தேன், நானும் போனதில்லை.

அந்த வருஷம் கோடை போகவே மாட்டேன் என்றது. மார்ச் முழுக்க அனல். பறவைகள் இறகு உதிர்ப்பதே பிந்திப் போனது. ஒவ்வொரு வியாழனும் எல்லோரும் ஹெட்லி முகத்தைப் பார்ப்பார்கள், அவன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவான். ஏப்ரலும் பாதி தாண்டிவிட்டது.

அந்த வியாழனும் சங்கம் கூடுகிற மன்றத்தில் நான்தான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். வேட் கெர்ஸ்லேக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தான். அடிலெய்டிலிருந்து வந்து குடியேறியவன். கொட்டகைக்குள் விளக்கு, ஹீட்டர், நேரத்துக்கு நேரம் தானே எரிந்து அணைகிற கடிகாரம் எல்லாம் வைத்திருந்தான். பருவமெல்லாம் தன் சுவிட்சில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வான்.

"என்ன ஹெட்லி, இந்த வருஷம் பொட்டைங்க மூக்குல நீயே மை பூசிடலாம்னு இருக்கியா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹெட்லியும் சிரித்தான், ஆனால் அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

"இல்ல, புல்லுகிட்ட இன்னும் உத்தரவு வரலையா?" என்றான் வேட். மறுபடி சிரிப்பு.

இல்மா ட்ரெசைஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் புருஷன் க்வின் முந்தின கோடையில் இறந்துபோனான். ஆயுசெல்லாம் அவன் வளர்த்த கறுப்புமுகச் சிட்டுகளில் அவளிடம் மிஞ்சியது ஒரு கிழட்டு ஆணும் ஒரு இளம் பெட்டையும்தான். அந்தக் கிழவனை அவள் க்வினை அதட்டுகிற அதே குரலில்தான் அதட்டுவாள்.

"நான் அவசரப்படுத்தல ஹெட்லி. ஆனா எங்க கிழவனுக்கு அடுத்த வருஷம் தெம்பு இருக்குமோ என்னமோ. க்வினோட வம்சம் இவனோட போயிடக் கூடாது. நீ வேண்டாம்னா வேண்டாம். மாட்டுன்னா மாட்டுறேன். வேற யார் பேச்சும் எனக்கு வேண்டாம்" என்றாள்.

இந்த வருஷம் விட்டுவிடுங்கள் என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். வேட் இன்னொரு தடவை சிரித்திருப்பான், நாங்கள் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். ஹெட்லி எழுந்து தொப்பியைச் சரிசெய்தான்.

"மாட்டுங்க. நாளைக்கே மாட்டுங்க. குளிர் இந்த வருஷம் பிந்தித்தான் வரும்."

கைதட்டினார்கள். வீடு வந்ததும் "காலைல ஏணியப் பிடிக்கணுமா?" என்று கேட்டேன். "வேண்டாம் டல்சி, நானே பாத்துக்கறேன்" என்றான். மறுநாள் கொட்டகையைச் சுற்றிச் சாக்கு ஏறியிருந்தது. நானும் மாட்டிவிட்டான் என்றே நினைத்தேன்.

பிறகு தொலைபேசி மணிகள். ஹெட்லிக்குக் காது மந்தம், ஒலியைக் கூட்டி வைத்துத்தான் பேசுவான். எதிர்முனையில் பேசுவது என் அறைக்கே கேட்கும். முட்டை வந்துவிட்டது, அடை உட்கார்ந்துவிட்டது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். "உனக்கு எப்படி ஹெட்லி?" என்பார்கள். "ஏதோ ஓடுது" என்பான். மே முடிகிற நேரத்தில் ஒருநாள் இல்மா கூப்பிட்டாள்.

"அஞ்சு குஞ்சு ஹெட்லி! பெட்டிக்குள்ள எட்டிப் பாத்தேன், கரகரன்னு ஒரே சத்தம். கிழவன் நெஞ்ச நிமித்திக்கிட்டு நடக்கறான், பாக்கணுமே!"

"நல்லது இல்மா" என்றான். ரிசீவரை வைத்த பிறகும் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் நடுவில் ஒரு காலை புல்தரை பனியில் வெளுத்துக் கிடந்தது. துணிக்கொடியில் மாட்டியிருந்த துண்டு பலகை மாதிரி நின்றது. ஹெட்லி இரவு உடையோடு முற்றத்தில் நின்றான். அவன் தன் கொட்டகையைப் பார்க்கவில்லை. வேலிக்கு அப்பால், இல்மா வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள போயி பாரேன்" என்றேன்.

"பாத்து என்ன ஆகப்போகுது."

அன்றைக்கும் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. வேட் வீட்டில் கூடக் குளிருக்கு ஊரில் எல்லோரும் ஒரே நேரத்தில் மின்கணப்புப் போட்டதில் மின்சாரம் போய், அவன் கடிகாரம், ஹீட்டர் எல்லாம் செத்துக் கிடந்தனவாம். இல்மா கடைசியாகக் கூப்பிட்டாள்.

"ரெண்டும் வெளிய கொம்புல தூங்கியிருக்குங்க ஹெட்லி. குஞ்சுங்கள கையில எடுத்தேன். கூழாங்கல்லு மாதிரி இருந்துச்சு."

அவளே "நீ என்ன பண்ணுவ, குளிர் யார் கையில இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பெட்டை கொஞ்ச நாளில் மறுபடி முட்டைக்கு முயன்றது. குளிரில் முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொண்டு, தரையில் பந்து மாதிரி உப்பி உட்கார்ந்திருந்ததாம். அதுவும் இல்மாவின் கையிலேயே போயிற்று. மற்ற வீடுகளிலும் இப்படிப் பெட்டைகள் செத்தன.

ஊரில் ஒருவர் கூட அவனைத் திட்டவில்லை. அதுதான் கொடுமை. ஹெட்லிக்குத்தான் எல்லோரையும்விட அதிகம் போயிருக்கும், மனுஷன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் துக்கத்துக்குச் சாப்பாடுதான். வாசல் மணி அடிக்கும், யாராவது கண்ணாடித் தட்டோடு நிற்பார்கள். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு மசியல், தேங்காய்த்தூள் உருட்டிய கேக். இல்மா மாவுக்குள் கறியும் டர்னிப்பும் வைத்துச் சுட்ட பாஸ்டி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள், துக்கப்படுகிறவளே துக்கம் விசாரிக்க வந்த மாதிரி. நான் நன்றாகவே சாப்பிட்டேன். ஹெட்லி முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருப்பான்.

எலுமிச்சை மர்மலேட் கிளறி வைக்க ஜாடி தேடி நான் சாமான் போட்டுவைக்கிற பின் கொட்டிலுக்குப் போனேன். மேல் தட்டில் கூட்டுப்பெட்டிகள். போன வருஷம் தேய்த்துக் கழுவிக் காயவைத்தபடியே ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கூட்டுக்கென்று அறுத்துவைத்த உலர்புல் கட்டு நூல் கூட அவிழாமல் பக்கத்தில் கிடந்தது. ஒரு பெட்டியை இறக்கி உள்ளே விரல்விட்டுப் பார்த்தேன். ஒரு இறகில்லை, எச்சமில்லை. புது மரம் மாதிரி மணத்தது.

பெட்டியைக் கொண்டுபோய் அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது ஏன் கொட்டில்ல இருக்கு?"

அவன் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மறுநாள் காலைல பாத்தேன் டல்சி. ஒரு பொட்டைக்கும் மூக்கு கறுக்கல. தலையெல்லாம் இன்னும் முள்ளு முள்ளா புது இறகு. மாட்ட மனசு வரல."

"உனக்கு மனசு வரல. ஊருக்கு மட்டும் வந்துச்சா?"

"சொல்லும்போதே தெரியும். இனிமே மாட்டினா பனியிலதான் போய் முடியும்னு தெரியும்."

"அப்புறம் ஏன்டா சொன்ன?"

"வேண்டாம்னா வேட் திரும்பச் சிரிப்பானேன்னு."

நான் உட்கார்ந்துவிட்டேன். "போன் இங்கதான இருந்துச்சு?"

"கைய வச்சேன். எடுக்க முடியல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு போயிடுச்சு. அதுக்குள்ள இல்மா முட்டை வந்துடுச்சுன்னு சொல்லிட்டா. முட்டை வந்தப்புறம் பெட்டிய எடுன்னு எந்த வாயால சொல்றது?"

"இதையெல்லாம் இனிமே நீயே தின்னு" என்று பாஸ்டியை அவன் பக்கம் தள்ளினேன். அன்றிலிருந்து அந்தத் தட்டுகளிலிருந்து ஒரு வாய் நான் தொடவில்லை. ரொட்டியும் அதில் தடவுகிற வெஜிமைட்டும்தான். அவன் "ஏதாவது சாப்பிடேன்" என்பான். "எனக்கு வந்த சாப்பாடு இல்ல, உனக்கும் வந்ததில்ல" என்பேன். அவனும் தொடவில்லை. குளிர்ப்பெட்டி கதவு மூட முடியாமல் நிரம்பிக் கிடந்தது. திறக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வான்.

அப்படி இருக்கும்போதுதான் இல்மா வந்தாள். கையில் துணி போட்டு மூடிய சிறு கூண்டு. துணியை விலக்கினாள். க்வினின் கிழவன் ஒரு கொம்பில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"இவன நீ வச்சுக்கோ ஹெட்லி."

"எனக்கு எதுக்கு இல்மா?"

"க்வின் உனக்கு ஒரு பொட்டை குடுத்தானே, அதோட பேத்திங்க ஒண்ணு ரெண்டாவது உனக்கு மிஞ்சியிருக்கும்ல? அதுங்களோட விடு. என்கிட்ட இருந்தா தனியாத்தான் சாவான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சங்கத்துல பேசிட்டோம். மிஞ்சினதுல ஆளுக்கொண்ணு உனக்குக் குடுக்கறதா இருக்கோம். வேட் கூட ஒரு ஜோடி தர்றேன்னுட்டான். மறுக்காத. இத்தனை வருஷமா எங்களுக்குப் பாத்துப் பாத்துச் சொல்லியிருக்க."

நான் வாசலில் பாத்திரம் துடைக்கிற துணியோடு நின்றேன். அவனைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவன் அந்தப் பச்சை ஸ்வெட்டரின் விளிம்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தான், பள்ளிக்கூட வாத்தியார் முன் நிற்கிற மாதிரி.

பிறகு முற்றத்துக்குப் போய்ச் சாக்குத்துணியை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்தான். கட்டியிருந்த கம்பி தெறித்து விழுந்தது.

"உள்ள வா இல்மா."

"சீசன் முடியலையே, பறவைங்க மிரளும்."

"வா."

அவள் போனாள். நான் கதவருகே நின்றேன். கொம்பு நெடுகச் சிட்டுகள். ஒன்றுக்குக் கூட ஒரு இறகு கலையவில்லை. குளிர்காலத்தில் குஞ்சு வளர்த்த பெட்டை எப்படி இருக்கும் என்று பறவை வைத்திருக்கிற யாருக்கும் தெரியும், தேய்ந்த துடைப்பம் மாதிரி இருக்கும். இவை கடையில் வாங்கின பட்டு மாதிரி இருந்தன. இல்மா சுவரைப் பார்த்தாள். வரிசையாக ஆணிகள். அவ்வளவும் வெறும் ஆணிகள்.

"பெட்டியெல்லாம் எடுத்துட்டியா?"

"மாட்டவே இல்ல."

சிட்டுகள் சின்னச் சின்னதாக விசில் அடித்தன.

"எனக்கு மாட்டுன்னு சொன்னப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவன் அதற்குமேல் ஒரு காரணமும் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக அவனை நான் இன்னும் மதிக்கிறேன். அவள் திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கூண்டின்மேல் துணியைத் திரும்பப் போட்டு, நான்கு மூலையையும் நிதானமாக இழுத்துவிட்டு, கிழவனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை ஹெட்லி தொட்டி நிறையத் தட்டுகளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்ததை எல்லாம் கோழிக்குக் கொட்டியிருந்தான். தட்டின் அடியில் யாருடையது என்று ஒட்டுத்தாளில் பெயர் எழுதியிருப்பார்கள். எனக்கு எழுத்து வேண்டாம், விளிம்பு உடைந்தது மெர்ல் ரொடாவுடையது, ஊதாப் பூ போட்டது இல்மாவுடையது என்று பார்த்தே சொல்வேன். எங்கள் பக்கம் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். தோட்டத்து எலுமிச்சையாவது போடுவோம். நான் மர்மலேட் ஜாடிகளை எடுத்து வைத்தேன்.

"வேண்டாம் டல்சி. வெறுந்தட்டாவே போகட்டும்" என்றான்.

நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டான், வெர்னாவை அடக்கம் செய்த அன்றைக்குப் போட்டது. தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு நான் காரில் இருந்தேன். ஒவ்வொரு வாசலிலும் இறங்கினான், தொப்பியைக் கழற்றினான், நடந்ததைச் சொன்னான். மெர்ல் ரொடா, "அதனால என்ன, உள்ள வந்து ஒரு டீ குடி" என்றாள். அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டான். ஒரு வீட்டில் தட்டை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். இன்னொரு வீட்டில் அந்த அம்மாள் வெறுந்தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதோ இருக்க வேண்டும் என்பது மாதிரி.

வேட் கதவைப் பாதி திறந்து கேட்டான். "நான் சிரிச்சதுக்காகவா?"

"நீ சிரிச்ச. சொன்னது நான்."

வேட் கதவைச் சாத்திக்கொண்டான்.

இல்மா வீடு கடைசி. ஊதாப் பூத் தட்டோடு, க்வின் வழிப் பெட்டைகள் இரண்டை ஒரு சிறு கூண்டில் எடுத்துப் போயிருந்தான். அவள் தட்டை வாங்கவில்லை. "அங்க வை" என்று படியைக் காட்டினாள். கூண்டுக்குள் கைவிட்டு ஒரு பெட்டையைப் பிடித்து, மல்லாத்தி, வயிற்று இறகை ஊதிப் பார்த்தாள்.

"நல்லா வச்சிருக்க" என்றாள்.

காரில் இருந்தே பார்த்தேன், அறை வாங்கினவன் மாதிரி அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"ரெண்டும் உனக்குத்தான் இல்மா."

"ஒண்ணு எடுத்துக்கறேன். அது க்வினுக்குச் சேரவேண்டியது. இன்னொண்ண வாங்கிக்கிட்டா நீ நிம்மதியாயிடுவ." மற்றதைக் கூண்டோடு அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள். "பத்திரமா ஓட்டிட்டுப் போ."

அந்த வசந்தத்தில் சங்கத்தார் கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஹெட்லி வியாழக்கிழமை மன்றத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. முன்வரிசையை விட்டுவிட்டு, டீ கொதிக்கிற மேசைக்குப் பக்கத்தில் என்னோடு உட்கார்ந்து கோப்பை துடைப்பான். யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த பிப்ரவரியில் பறவைகள் நேரத்துக்கு இறகு மாற்றின. இப்போது கூட்டத்தில் எழுந்து நின்றது இல்மா. "என் பொட்டைக்கு மூக்கு கறுத்துடுச்சு. ரயில் பாதைப் புல்லும் பாத்துட்டேன். நான் மாட்டுறேன். நீங்க உங்க பொட்டையப் பாத்துட்டு, சந்தேகம் இருந்தா என்னக் கேளுங்க" என்றாள். கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்த ஹெட்லி அதையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

மறுநாள் கூட்டுப்பெட்டிகளை எல்லாம் இறக்கிச் சமையலறை மேசையில் வைத்தான். ஆணியையும் சுத்தியலையும் பக்கத்தில் வைத்தான். பிறகு தொலைபேசியை எடுத்தான். இந்தத் தடவை எடுத்துவிட்டான்.

"இல்மா, ஹெட்லி பேசறேன். மாட்டலாமா?"

ஊரில் யாருக்கும் எப்போது என்று சொன்னவன் கேட்கிற கேள்வி அது. எனக்கே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

"உன் பொட்டைங்க மூக்கு எப்படி இருக்கு?"

"நுனி கறுத்திருக்கு. மேல இன்னும் வெளுப்பு."

"அப்ப பொறு."

"சரி இல்மா." போனை வைக்கவில்லை. "கிழவன்..?"

வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"காலைல பெட்டிக்குள்ள தலைய விட்டுப் பாத்தான். புல்லு தூக்கிட்டுப் போறான்" என்றாள். உடனே, "வேற ஒண்ணுமில்ல, வை" என்றாள்.

அவன் வைத்தான். காது இரண்டும் சிவந்திருந்தன. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொட்டிலுக்குத் தூக்கிப் போனான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.